சப்பாணிக் கரடு வழியனுப்பப் போன கதை

பதினாலு பி பஸ் எங்கே போய்த் திரும்புகிறதோ அந்த ஊருக்கு ஓடைக்கல்பட்டி என்று பேர், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த கல்மேட்டுக்குச் சப்பாணிக் கரடு என்று பேர், பஸ் திரும்புகிற வேப்பமரத்தடியில் கடை போட்டு டீயும் அவித்த கடலையும் வெள்ளரிக்காயும் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு மரியபுஷ்பம் என்று பேர். கரட்டை மலை என்று சொன்னால் உண்மையான மலைகள் கோபித்துக்கொள்ளும். காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மனசில்லாத ஆள் மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பேர் வந்தது. ஏற இருபது நிமிஷம், இறங்கப் பத்து நிமிஷம், உச்சியில் ஒரு கருப்பசாமி, சாமிக்குப் பக்கத்தில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு பாறை. அவ்வளவுதான் கரடு.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினாலு பி நிறைந்து வழியும். டவுனில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஜெகதீசன் என்று ஒருவர், உடம்பில் சர்க்கரை ஏறிப்போனதால் டாக்டர் நடக்கச் சொல்லி, தனியாக நடக்க அலுப்பாக இருந்ததால் ஒரு நடைக் குழுவே ஆரம்பித்து, டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடந்துவிட்டு டவுன் பஸ்ஸிலேயே திரும்பிவரக்கூடிய இடங்களாகப் பார்த்து இருபத்திரண்டு நடைகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமும் போட்டுவிட்டார். எந்த பஸ், எங்கே இறங்கணும், எங்கே டீ நன்றாக இருக்கும், எங்கே நாய் கடிக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சப்பாணிக் கரட்டைப் பற்றி, 'மிகவும் எளிது, மூட்டுவலிக்காரர்களும் வரலாம், பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். நல்லவேளை, கரட்டுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தக் கூட்டத்தால்தான் பஸ் ஓடியது. வாரநாளில் காலையில் பூக்கூடைக்காரிகள் நாலு பேரும் காலேஜ் பிள்ளைகள் ஆறேழு பேரும் ஏறுவார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் காட்டித்தான் ஓடைக்கல்பட்டி அந்த பஸ்ஸைக் கைநழுவ விடாமல் வைத்திருந்தது. பஸ் வேண்டும் என்று ஊரில் எல்லாரையும்விடப் பிடிவாதமாக இருந்தவள் மரியபுஷ்பம். கடைக்காகத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் சொன்னாள். உண்மையான காரணம் வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் சகாயராஜ் அந்த பஸ்ஸில் ஏறித்தான் திருப்பூருக்குப் போனான். திரும்பிவந்தால் அதில்தான் வரவேண்டும். பஸ் நின்றுபோனால் அவன் எதில் வருவான்? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை பஸ் வரும்போது, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் எடுப்பாள்.

இனி ஓடைக்கல்பட்டியின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அந்த ஊரில் வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும், பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னவராகவே இருந்தாலும், அவரை பஸ்வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும், பஸ் வரும்வரை கூட நிற்கவேண்டும். அவர் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பி 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகுதான் வழியனுப்ப வந்தவர் வீடு திரும்பலாம். கேட்காவிட்டால் நிற்கவேண்டியதுதான். கருப்பசாமிக்குப் பூசை வைக்கிற சடையாண்டியின் மாமனார் ஒரு தடவை சம்பந்தியை வழியனுப்பப் போக, சம்பந்தி சாப்பிட்ட கறிச்சோற்றின் மயக்கத்தில் ஏறினதுமே தூங்கிவிட, மாமனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தி செங்குளம் விலக்கில் மறித்து, சம்பந்தியை உலுக்கி எழுப்பி, சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். ஊரில் யாரும் இதை வேடிக்கையாக நினைக்கவில்லை. சம்பந்திமேல்தான் தப்பு என்றார்கள்.

டவுன்காரர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஏறினதும் காதில் ஒயரை மாட்டிக்கொள்வார்கள், செல்போனில் கரட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள், கரட்டைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஜெகதீசனுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, யாரோ சொல்லி அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்ல விருந்தாளியைப் பஸ்வரைக்கும் வந்து வழியனுப்புவீங்களாமே. நாங்களும்தான் வருஷக்கணக்கா வர்றோம். எங்களை ஒருத்தரும் அனுப்பிவைக்கலையே."

புஷ்பத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். பாதி வியாபாரம் அந்த வாயால் நடந்தது, மீதி வியாபாரம் அந்த வாயால் கெட்டது. அன்றைக்கு வெயில் வேறு, வெள்ளரிக்காய் வேறு கசந்துவிட்டது என்று ஒரு அம்மாள் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"நீங்க எங்க வீட்டுக்கா வந்தீங்க சார்? கரட்டுக்குல்ல வந்தீங்க. அப்ப அதுதான் வந்து அனுப்பணும். அது குத்தவச்சுக் கிடந்தா நான் என்ன செய்யட்டும்?" என்றாள், கரட்டின் பக்கம் கையை நீட்டி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கேட்கிற குரலில்.

சாயங்காலம் ஐந்து பத்துக்கு பஸ் கிளம்பியது. தூசி அடங்கினதும், டம்ளர் கழுவின தண்ணீரை ஊற்றுவதற்காக அவள் கடைக்குப் பின்னால் போனபோது, கரடு அங்கே நின்றுகொண்டிருந்தது.

"துணி காயப்போடுற இடம்" என்றாள் புஷ்பம். "கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?"

கரடு தள்ளி நின்றது.

அதற்குக் கால் இருந்ததா, உருண்டதா, ஊர்ந்ததா என்று பிற்பாடு டவுனிலிருந்து வந்து கேட்டவர்களுக்கு ஓடைக்கல்பட்டியில் யாரும் சரியான பதில் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கு வந்தால் வாங்க என்று கேட்போமா, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்போமா? பொழுது சாய்வதற்குள் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பஞ்சாயத்துத் தலைவர் போதுமணி, நாலாவது பெண்ணாகப் பிறந்து, போதும் என்று பேர் வைக்கப்பட்டு, அந்த ஆத்திரத்திலேயே தேர்தலில் நின்று ஜெயித்தவள், இடுப்பில் கைவைத்துக் கரட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"கிட்டக்க பாத்தா சின்னதாத்தான் இருக்கு" என்றாள்.

"மதினி, அதுக்குக் கேட்கும்" என்றாள் புஷ்பம்.

அந்த வாரம் முழுக்க நல்ல வாரம். கடைக்கு நிழல் விழுந்தது. சடையாண்டிக்குப் பூசைத் தண்ணீரை ஒன்றரைக் கிலோமீட்டர் சுமக்கிற வேலை மிச்சமாயிற்று. கரடு இருந்த இடத்தில் பெரிய வெட்டவெளி கிடைத்ததால் ஊரே துவரம்பருப்பை அங்கே காயப்போட்டது. ஒரே ஒரு சங்கடம், மறைக்கக் கரடு இல்லாததால் சூரியன் கால்மணி நேரம் முந்தி வந்தது, சேவல்கள் குழம்பிப்போய் இரண்டு தவணையாகக் கூவின, தூக்கம் கெட்ட பெண்கள் புஷ்பத்தைத் திட்டினார்கள். அவள் பேச்சால்தான் அது எழுந்து வந்தது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்த ஞாயிறு நடைக் குழு வந்து, பஸ்ஸிலிருந்து இறங்கின இடத்திலேயே கரட்டில் ஏறி இறங்கி, ரொம்ப வசதி என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது. கரடு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. யாரும் திரும்பவில்லை. பஸ் போனது, கரடும் பின்னாலேயே போனது, திங்கட்கிழமை காலையில் அது செங்குளம் விலக்கில் நின்றது. அதற்கடுத்த ஞாயிறு பால்பண்ணை. அதற்கும் அடுத்த ஞாயிறு டவுன் எல்லையில் இருக்கிற ரயில்வே கேட். ஓடைக்கல்பட்டியிலிருந்து பதினாலு கிலோமீட்டர்.

போகிற வழியில் அதை எல்லாரும் அவரவர் பாட்டுக்கு ஏற்றுக்கொண்டார்கள். கண்டக்டர் தங்கமாயன், ஏறுகிறவர்களிடம் "கரட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டு டிக்கெட் கிழித்தார். சடையாண்டி பூசைத் தட்டோடு பஸ் ஏறி, "மாயா, சாமி இன்னைக்கு எந்த ஸ்டாப்புல இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டு போனார். ஆட்டுக்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்து மேய்த்தார்கள். பால்பண்ணையில் நின்ற வாரம் பால் திரியவில்லை என்று மேனேஜரே சொன்னார். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டு, பட்டா நிலத்தில் நான்கு ஏக்கர் ஆக்கிரமிப்பு, ஏழு நாளைக்குள் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் எழுதி, கரட்டின்மேலேயே பசை தடவி ஒட்டினார். ஏழாவது நாள் அது காலி செய்துகொண்டு ரயில்வே கேட்டுக்குப் போய்விட்டதால் நோட்டீசுக்குக் கட்டுப்பட்டது என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள். தாலுகாவில் அந்த வருஷம் ஒழுங்காகக் காலி செய்த ஒரே பார்ட்டி அதுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ஜெகதீசன் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு போட்டார். 'சப்பாணிக் கரடு: மிக மிக எளிது. வீட்டுச் செருப்போடு வரலாம்.'

புஷ்பத்தின் கடைக்கு யாரும் வரவில்லை. நாலாவது வாரம் தங்கமாயன் பஸ்ஸைவிட்டு இறங்கி, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றார். பதினோரு வருஷமாக அவர் அந்தக் கடையில் டீ வேண்டாம் என்று சொன்னதில்லை.

"அக்கா, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு மேல எழுதிப்போட்டாங்க. நாளையில இருந்து பஸ் கேட்டோட திரும்பிருமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"தற்காலிகம்னு போட்டிருக்கு" என்றார் தங்கமாயன். இரண்டு பேருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும்.

மறுநாள் காலை புஷ்பம் பழக்கத்தில் பாலைக் காய்ச்சினாள், பழக்கத்தில் ரோட்டைப் பார்த்தாள். பூக்கூடைக்காரிகள் நாலு பேரும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, புஷ்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடக்க ஆரம்பித்தார்கள். காலேஜ் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். ரோடு சும்மா கிடந்தது. அவள் காய்ச்சின பாலை இறக்கிவைத்தாள். என் வாயால்தானே எல்லாம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் வாய் இதற்கு முன்னாலும் ஒரு தடவை ஒரு ஆளை எழுப்பி அனுப்பியிருக்கிறது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, மோட்டார் சைக்கிள் தவணையில் எடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு, சண்டை முற்றி, "போறதுன்னா போய்த் தொலை" என்று சகாயராஜிடம் சொல்லிவிட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். என்ன சண்டையாக இருந்தாலும் வழக்கத்தை விடலாமா என்று அவள் பின்னாலேயே போய் பஸ் பக்கத்தில் நின்றாள். அவன் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தான். பஸ் போனது. அவன் திரும்பவில்லை, சொல்லவில்லை. அன்றைக்கு நின்றவள் இன்னும் உள்ளுக்குள் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறாள். போன் செய்தால் அவன் எடுக்கமாட்டான் என்று அவளாகவே முடிவுசெய்து, ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. போதுமணி மனு எழுதினாள். சடையாண்டி கருப்பசாமியிடம் கேட்டார், சாமி டவுன் பக்கம் பூ நல்லா கிடைக்குது என்று சொல்லிவிட்டதாக வருத்தத்தோடு வந்து சொன்னார். கடைசியில் இரண்டு டிராக்டரைக் கொண்டுபோய் வடக்கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறவில்லை, கரடு அசையவில்லை, டிராக்டர் ஒன்று மட்டும் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று கரட்டைக் கும்பிட்டது. டவுன்காரர்கள் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் கடையைச் சாத்திவிட்டுப் பதினாலு கிலோமீட்டரும் நடந்து ரயில்வே கேட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் கரட்டை என்னென்ன கேட்பது என்று தயார் செய்துகொண்டே போனாள், அதில் பாதி எழுதமுடியாது. ஆனால் போய்ச் சேர்ந்து, எதிர்ப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அது நிற்கிற விதத்தைப் பார்த்தாள். நடைக் குழு கரட்டைவிட்டு இறங்கி, டவுனுக்குள் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. கரடு பஸ்ஸுக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றது. உள்ளே முப்பது பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே கடந்து, கிளம்புகிற பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஜெகதீசன் சார், கொஞ்சம் இறங்குங்க."

அவர் இறங்கினார். பஸ்ஸே இறங்கியது. புஷ்பம் வழக்கத்தை அவர்களுக்கு விளக்கினாள், சம்பந்தியைச் சைக்கிளில் துரத்தின கதையோடு சேர்த்து.

"அது உங்களை வழியனுப்ப வந்துருக்கு சார். நீங்க ஒருத்தரும் திரும்பி ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லாம அது எப்படிப் போகும்? நாளைக்கு உங்க வீட்டு வாசலுக்கு வந்து நிக்கும்."

ஜெகதீசன் கரட்டை ஏறிட்டுப் பார்த்தார். தன் வீட்டு வாசலையும், மாடியில் மனைவி வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளையும் நினைத்துப் பார்த்தார்.

"சொல்லிட்டாப் போச்சு. போயிட்டு வர்றோம்" என்றார் கரட்டைப் பார்த்து.

கரடு அசையவில்லை.

"வீட்டுல இருந்துக்கிட்டே சொன்னா யாரு கேப்பா?" என்றாள் புஷ்பம். "நீங்க நிக்கிறது உங்க ஊரு. அது இப்ப உங்களுக்கு விருந்தாளி. முதல்ல நீங்க அதைக் கொண்டுபோய் விடணும். அது வீட்டுல போய் நின்னு சொல்லணும்."

"பதினாலு கிலோமீட்டர் இருக்கேம்மா. எங்க குழுவுல அஞ்சுக்கு மேல கிடையாது. அது விதி."

"அது நடந்துச்சே சார், உங்களுக்காக. மூட்டுவலிக்காரங்களும் வரலாம்னு நீங்கதானே எழுதினீங்க?"

அன்றைக்கு எல்லாரும் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனதால் கரடு கேட்டிலேயே நின்றது. அடுத்த ஞாயிறு விடியற்காலையில் நடை ஆரம்பித்தது. முன்னால் மரியபுஷ்பம், அவளுக்குப் பின்னால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நடைக் குழு, அவர்களுக்குப் பின்னால் கரடு, கரட்டின்மேல் ஆடுகளும் இரண்டு மயிலும் வெயிலுக்கு முந்தி போய்விடலாம் என்று அங்கேயே படுத்துவிட்ட சடையாண்டியும், எல்லாருக்கும் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள, தங்கமாயன் மேலிடத்தில் கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்த பதினாலு பி. பால்பண்ணை வந்ததும் ஒரு அம்மாள் கால் வீங்கிவிட்டது என்று பஸ்ஸில் ஏறினாள். உடனே கரடு நின்றது. திரும்பியது. பஸ் பக்கத்தில் போய் ஜன்னலோரம் சாய்ந்து நின்றது.

"இறங்குங்கம்மா" என்றார் தங்கமாயன். "விருந்தாளி ஏறினா அது வழியனுப்பத் திரும்பிரும். மறுபடி கேட்டுல இருந்து ஆரம்பிக்கணும்."

அந்த அம்மாள் இறங்கினாள். அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. காலி பஸ் முப்பது பேருக்குப் பின்னால் மாட்டுவண்டி வேகத்தில் உருண்டது. செங்குளம் விலக்கில் ஜெகதீசன் உட்கார்ந்துவிட்டார். இனி என்னால் முடியாது, என்னை விட்டுவிட்டுப் போங்கள், நடைக் குழுவைக் கலைத்துவிடுங்கள் என்றார். புஷ்பம் அவர் முன்னால் குத்தவைத்து ஒரு வெள்ளரிக்காயை உடைத்துக் கொடுத்தாள்.

"எம்மகன் இந்த ரோட்டுல போனான் சார். திரும்பிப் பாக்காமப் போனான். இந்த பஸ்ஸு வந்தாத்தான் அவன் வருவான்னு வச்சிருக்கேன். நான் எதுக்கு இந்த வெயில்ல உங்களோட மல்லுக்கட்டுறேன்னு நினைக்கிறீங்க? கடலை விக்கவா?"

அவர் வெள்ளரிக்காயைத் தின்றார். அது கசந்தது, அதை அவர் சொல்லவில்லை. எழுந்து நடந்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஓடைக்கல்பட்டி வந்தது. ஊரே துவரம்பருப்பை அவசர அவசரமாகக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தது. கரடு தன் இடத்தில் போய், இரண்டு தடவை அசைந்து சரிபார்த்துக்கொண்டு, உட்கார்ந்தது. முன்னால் கிழக்குப் பார்த்து இருந்தது, இப்போது ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது, அதனால் கருப்பசாமி பின்பக்கம் போய்விட்டார். இதில் சடையாண்டிக்கு மட்டும் இன்றுவரை மனக்குறை.

ஐந்து பத்துக்கு பஸ் கிளம்ப நின்றது. தங்கமாயன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். முப்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். டவுன்காரர்களுக்குச் சத்தமாகப் பேச வெட்கம், அதுவும் ஒரு கல்மேட்டைப் பார்த்து. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கரடு எழுந்திருப்பதற்காக ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜெகதீசன் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நாற்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னாலிருந்து கத்தின குரலில், "போயிட்டு வர்றோம்" என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். கால் வீங்கின அம்மாள், கையையும் ஆட்டினாள்.

சாய்ந்த கரடு நிமிர்ந்து அப்படியே உட்கார்ந்தது. தங்கமாயன் இரண்டு விசில் கொடுத்தார்.

மறுவாரமே பஸ்ஸைப் பழையபடி கடைசிவரைக்கும் விட்டார்கள். ஜெகதீசன் மூன்றாம் பதிப்பு போட்டார். அதில் 'எளிது' என்பதை எடுத்துவிட்டு, 'கிளம்பும்போது சொல்லிக்கொண்டு வரவும்' என்று சேர்த்தார். ஏறுகிறவர்கள் திரும்பிச் சொல்லாமல் தங்கமாயன் இரண்டு விசில் கொடுப்பதில்லை என்பது அந்த ரூட்டில் சட்டமாகிவிட்டது. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூட முனகிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

புஷ்பம் மறுபடி இரண்டு வேளையும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். பூக்கூடைக்காரிகள் வந்தார்கள், நடைக் குழு வந்தது, தாலுகா ஆபீஸ்காரர் ஒரு தடவை குடும்பத்தோடு வந்து கடலை வாங்கிப் போனார். சகாயராஜ் வரவில்லை. பஸ் வராததால்தான் அவன் வரவில்லை என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது. இப்படி இரண்டு மாசம் போனது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவள் கரட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருந்தது என்று பதினாலு கிலோமீட்டர் போனது அது. பிறந்ததிலிருந்து எழுந்திருக்காத சப்பாணி, எழுந்து, ஆடு மயில் சாமி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனது. நான் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்கிறேனே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றினதும் வெட்கமாக இருந்தது. வெட்கம் ஆறுவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

ஒரு பையில் இரண்டு சேலையும் ஒரு பொட்டலம் அவித்த கடலையும் வைத்துக்கொண்டு, ஐந்து பத்து பஸ்ஸில் ஏறினாள். தெரிந்தே வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, டவுனுக்கா?" என்றார் தங்கமாயன்.

"திருப்பூருக்கு. டவுன்ல எங்க மாறணும்னு நீதான் சொல்லணும்."

தங்கமாயன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் படிக்குப் போய், விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பஸ் நின்றது நின்றபடி இருந்தது. புஷ்பம் மகன் முகத்தைப் பார்த்ததும் என்ன சொல்வது என்ற யோசனையிலேயே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார் தங்கமாயன். "சொல்லிட்டு."

அவள் திரும்பினாள். அவளுடைய கடைக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரடு வந்து நின்றுகொண்டிருந்தது. வெயில் முழுக்க அதன் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. புஷ்பம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போயிட்டு வர்றேன்" என்றாள். "வந்தா ரெண்டு பேரா வர்றேன். அவன் வரமாட்டேன்னா தனியா வர்றேன். எப்படியும் வர்றேன். நீ உக்காரு."

கரடு உட்கார்ந்தது. தங்கமாயன் இரண்டு விசில் கொடுத்தார்.